தாலிக்குத் தங்கம், தலைப்பில் ஓர் அம்மையார்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவிகளின் வகுப்பொன்றில், "மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் யார்?" என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. "எங்க அக்கா கல்யாணத்துக்கு அவங்க பேர்லதான் மிஸ் பணம் வந்துச்சு" என்றாள் ஒரு மாணவி. "பெரிய பணக்காரங்களா இருந்திருப்பாங்க. ஏழைப் பொண்ணுங்களுக்குக் கல்யாணம் செஞ்சு வெச்சிருப்பாங்க" என்றாள் இன்னொருத்தி. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பதில் தவறுதான். ஆனால் அந்தப் பெண்ணின் கைக்கு எட்டிய ஒரே ஆவணம் ஒரு விண்ணப்பப் படிவம். அதன் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு யோசிக்கும் எவரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

அன்றிலிருந்து அந்தத் தலைப்புகளை ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோலப் படிக்க ஆரம்பித்தேன். தமிழ்நாடு அரசின் மகளிர் நலத் திட்டங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். ஏழை விதவையரின் மகள் திருமணத்துக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார். விதவை மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார். கலப்புத் திருமணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆதரவற்ற பெண்களின் திருமணத்துக்கு, மணமே செய்துகொள்ளாத துறவியான அன்னை தெரசா. மகப்பேறு நிதியுதவிக்கு மறுபடியும் முத்துலட்சுமி ரெட்டி. இலவசத் தையல் இயந்திரத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையார்.

கல்யாணம், பிரசவம், தையல். ஏழு திட்டங்களில் ஒரு பெண்ணின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அரசியலில் நின்ற பெண்களின் பெயர்கள், அரசியலே இல்லாத ஒரு வாழ்க்கைக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. இது எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி. யாரோ சதி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அரசியலின் நியதி மாறும்போது பொதுவாழ்வில் இருந்தவர்கள்மீது குத்தப்படும் முத்திரையும் மாறுகிறது. அது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் ஆணுக்கு மாறுகிற திசை ஒன்று, பெண்ணுக்கு மாறுகிற திசை வேறு.

பட்டம் கொடுத்தவர்கள்

1938 நவம்பர் 13. சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை வகித்தார். மாநாட்டைக் கூட்டியதில் முன்நின்றவர் சித்த மருத்துவரான தர்மாம்பாள். ஈ.வெ.ராமசாமியை இனி எப்போதும் 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் போட்டது. அதற்கு முன்பும் சிலர் அவரை அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓர் இயக்கத்தின் வழக்காக, பிறகு ஒரு நாட்டின் வழக்காக அந்தச் சொல் நிலைத்தது பெண்கள் போட்ட தீர்மானத்தால்.

இதைப் பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. கொஞ்சம் நின்று பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஓர் ஆணுக்குக் கிடைத்த மிக நீடித்த பட்டத்தைக் கொடுத்தவர்கள் பெண்கள். அந்தச் சொல்லில் அப்பா இல்லை, அண்ணன் இல்லை, எந்த உறவுமுறையும் இல்லை. அவர் செய்த வேலையின் அளவைச் சொல்லும் சொல் அது. ஒரு தலைவருக்கு முத்திரை எப்படிக் குத்த வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

மாநாட்டுக்குப் பிறகு பெண்கள் இந்தி எதிர்ப்பு மறியலில் இறங்கினார்கள். கைக்குழந்தைகளோடு சிறைக்குப் போனவர்களும் உண்டு. தர்மாம்பாள் போனார், ராமாமிர்தம் போனார். ராமாமிர்தம் அந்த ஆண்டு ஆகஸ்டில் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகப் புறப்பட்ட தமிழர் படையிலும் நடந்தவர். அப்போது அவருக்கு வயது 55. இத்தனை பெண்கள் சிறைக்குப் போனதை அன்றைய ராஜாஜி அரசு எப்படிப் புரிந்துகொண்டது? அந்த மாநாட்டில் பேசிப் பெண்களை மறியலுக்குத் தூண்டிவிட்டார் என்று பெரியார்மீது வழக்குத் தொடுத்தது. பெண்கள் தாங்களாகவே முடிவெடுத்துத் தெருவுக்கு வந்திருப்பார்கள் என்று அந்தக் குற்றப்பத்திரிகையால் யோசிக்க முடியவில்லை. அவர்களுக்கு அன்று அரசு வைத்த பெயர் 'தூண்டப்பட்டவர்கள்'. பின்னாளில் வந்த மரியாதையான முத்திரைகளுக்கும் இந்த முதல் முத்திரைக்கும் உள்ள உறவை மறந்துவிடக் கூடாது. இரண்டிலும் பெண்ணின் தீர்மானம் என்ற ஒன்று காணாமல் போகிறது.

ஒரு சொல்லின் இரண்டு ஆயுள்

'அம்மையார்' என்ற அடைமொழியே பிரச்சினை, தாய்மையில் பெண்ணைப் பூட்டும் சொல் என்று நானும் முன்பு எழுதியிருக்கிறேன். இப்போது அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது.

ராமாமிர்தத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 1883இல் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு தாசி குடும்பத்தில் விடப்பட்டு வளர்ந்தவர். பொட்டுக்கட்ட மறுத்துத் தன் இசையாசிரியரைத் திருமணம் செய்துகொண்டார். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண்ணை அன்றைய ஊர் எப்படி அழைத்திருக்கும்? பெயருக்கு முன்னால் 'தாசி' என்று வந்திருக்கும், வினை முற்றில் மரியாதை இருந்திருக்காது. அந்தப் பெண்ணை மேடையில் ஏற்றி, துண்டறிக்கையில் 'ராமாமிர்தத்தம்மையார்' என்று அச்சடித்தது சுயமரியாதை இயக்கம். காரைக்காலில் பிறந்து சிவனைப் பாடிய ஒரு புனிதவதிக்கு உரிய விகுதி, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அதில் கணவன் பெயர் தேவையில்லை, சாதிப் பெயர் தேவையில்லை. 1930களில் அது ஒரு உரிமைக் கோரல். படிப்பவர் முகத்தைச் சுளிக்க வைக்கும் அளவுக்கு அதில் கூர்மை இருந்திருக்கும்.

1989இல் அதே பெயர், அதே விகுதி, ஓர் அரசு ஆணையில் இடம்பெற்றது. இப்போது யார் முகத்தைச் சுளிப்பார்கள்? கூர்மை போய், கனிவு மட்டும் மிஞ்சியது. அம்மையார் கொடுக்கிறார், மகள்கள் வாங்கிக்கொள்கிறார்கள். எழுத்து மாறவில்லை. அதைத் தாங்கி நின்ற அரசியல் மாறியிருந்தது. 1938இல் அரசை எதிர்த்துச் சிறைக்குப் போன இயக்கத்தின் வழிவந்தவர்கள் 1967இல் அரசாகவே ஆனார்கள். நேற்றுவரை சட்டத்தை மீறியவர்கள் இன்று சட்டம் இயற்றுகிறார்கள். இப்படி ஒரு திருப்பம் வரும்போது பழைய கலகக்காரர்களை எல்லாம் புதிய பெயரில் அழைக்க வேண்டிய அவசியம் வருகிறது. கலகத்தை அப்படியே நினைவில் வைத்திருப்பது எந்த அரசுக்கும் சிரமம்.

ஆண்களுக்கு இந்தப் பெயர்மாற்றம் எப்படி நடந்தது? பெரியாரும் அண்ணாவும் சிந்தனையாளர்களாக ஆனார்கள். அவர்கள் பெயரில் பல்கலைக்கழகங்கள் வந்தன. 1997இல் எல்லாச் சாதியினரும் ஒரே குடியிருப்பில் வாழும் திட்டத்துக்குப் 'பெரியார் நினைவு சமத்துவபுரம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் எதற்காகப் போராடினாரோ அந்தக் கருத்தே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. காமராஜர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாள். அதுவும் பொருத்தமே. ஆணின் கலகம் கருத்தாகக் கனிந்து நிற்கிறது. பெண்ணின் கலகம் கரைந்து, கருணையாக விநியோகிக்கப்படுகிறது. விதிவிலக்குகள் உண்டு. தரமணியில் மகளிர் பாலிடெக்னிக் கல்லூரிக்குத் தர்மாம்பாள் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை மாநிலம் முழுவதும் கொண்டுபோனது மறுமண உதவித் திட்டம்தான்.

பொருந்தாத பெயர்கள்

பெயர்களையும் வாழ்க்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் வலிக்கிறது.

சத்தியவாணி முத்து 1953இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர். அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டுத் தொழில் என்ற அந்தத் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் கைத்தொழிலுக்குள்ளேயே தேங்கிவிடக் கூடாது என்பது அந்தப் போராட்டத்தின் உயிர். 1967இல் அமைச்சரானார். கட்சிக்குள் தம் மக்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று 1974இல் வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக் கட்சியே கண்டார். பிறகு அதை அ.தி.மு.க.வோடு இணைத்து, 1979இல் மத்திய அமைச்சராகவும் ஆனார். சொந்தமாகக் கட்சி தொடங்கிய தலித் பெண் தலைவர்களைத் தமிழக வரலாற்றில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் பெயரை நாம் இன்று எங்கே பார்க்கிறோம்? தையல் இயந்திரத்தில். தையல் தெரிந்த பெண்ணுக்கு அந்த இயந்திரம் சோறு போடும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கைத்தொழிலைத் தாண்டிப் பிள்ளைகள் போக வேண்டும் என்று சிறைக்குப் போனவரின் பெயரைக் கைத்தொழில் கருவிக்கு வைத்தபோது, பெயர் வைத்தவர்கள் அவர் வாழ்க்கையைப் படித்தார்களா, அல்லது 'பெண்கள், ஏழைகள்' என்ற கோப்பில் எந்தப் பெயர் காலியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்களா?

மணியம்மையின் கதை வேறு வகை. 1949இல் அவருக்கும் பெரியாருக்கும் நடந்த திருமணம் இயக்கம் பிளந்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ராமாமிர்தமும் அதையொட்டித்தான் விலகித் தி.மு.க.வுக்குப் போனார். அன்று மணியம்மைமீது வீசப்பட்ட சொற்களை இங்கே மறுபடி எழுத எனக்கு விருப்பமில்லை. 1973இல் பெரியார் இறந்த பிறகு திராவிடர் கழகத்தை அவர் தலைமையேற்று நடத்தினார். 1974 டிசம்பரில் வடநாட்டு ராமலீலாவுக்கு எதிர்வினையாகச் சென்னையில் இராவண லீலா நடத்தி வழக்கைச் சந்தித்தார். ஒரு நாத்திக இயக்கத்தைத் தலைமையேற்று நடத்திய பெண் என்ற முத்திரை அவருக்கு இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது 'அன்னை'. முதலில் அவதூறு, பிறகு அன்னை. இரண்டுக்கும் நடுவே 'தலைவர்' என்ற ஒரு நிறுத்தம் இருந்தது. வண்டி அங்கே நிற்காமலே போய்விட்டது.

முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் கலப்புத் திருமணத்துக்குப் பொருந்துவது உண்மை. பிராமணத் தந்தைக்கும் இசை வேளாளர் மரபில் வந்த தாய்க்கும் பிறந்து, 1914இல் வேறு சாதியில் மணம் செய்துகொண்டவர் அவர். ஆனால் சாதி மறுப்புத் திருமணத்துக்கு உதவும் திட்டத்தின் தலைப்பில் கணவர் வழி வந்த சாதிப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருப் பெயர்களிலிருந்தே சாதியை நீக்கிய மாநிலம் இது. ஆண்களின் பெயர்களில் சாதியை வெட்டிய கத்தரிக்கோல், மனைவியின் பெயருக்கு வரும்போது தயங்கியிருக்கிறது.

எதிர்வாதம்

இவ்வளவு சொன்ன பிறகு, என் மாணவியின் அக்காவை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. அந்தப் பணம் அந்த வீட்டுக்குப் பெரிய பணம். 1989இல் ராமாமிர்தம் பெயரில் வந்த உதவி 5,000 ரூபாய். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். பின்னால் அது பத்தாம் வகுப்பு ஆனது. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பிறகு பட்டம், பட்டயம் பெற்றவர்களுக்கு இரட்டிப்பாக 50,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். கல்யாணச் செலவுக்காகவாவது பெண்ணைப் படிக்க வையுங்கள் என்று பெற்றோரிடம் பேரம் பேசிய திட்டம் அது. படிப்பு நின்றுபோக இருந்த எத்தனையோ பெண்களைப் பள்ளியில் இன்னும் சில ஆண்டுகள் இருக்க வைத்த பேரம். கொள்கைத் தூய்மையைக் காட்டி இதை ஒதுக்கிவிடுவது வசதியுள்ளவர்களின் பெண்ணியம்.

என் மனக்குறை வேறு. 2011இல் அந்தத் திட்டங்களோடு தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016இல் அது எட்டு கிராம் ஆனது. தாலி கட்டாயமில்லை என்று திருமணங்களை நடத்திக் காட்டிய இயக்கத்தின் மேடைகளில் நின்ற ராமாமிர்தம், தர்மாம்பாள், மணியம்மை ஆகியோர் பெயர்களில் தாலிக்குத் தங்கம் போனது. யாரும் அதைக் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை. காரணம் எளிது. அந்தப் பெயர்களில் எந்தக் கருத்தும் மிச்சமிருக்கவில்லை. பெரியார் பெயரில் தாலிக்குத் தங்கம் என்று ஓர் ஆணை வந்திருந்தால் அன்று மாலையே கூட்டம் போட்டிருப்பார்கள். ஒரு பெயரில் இன்னும் கருத்து உயிரோடு இருக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை கிடையாது.

நம் கையிலுள்ள முத்திரை

முத்திரை குத்துவது அரசு மட்டுமில்லை. நாமும்தான்.

முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தபோது அவருக்குச் 'சீர்திருத்தவாதி' என்று பெயர். சத்தியமூர்த்தி எதிர்த்ததால் அவர் பிற்போக்குவாதி. நம் பள்ளிப் பாடம் இவ்வளவுதான். ஆனால் அதே காலத்தில் சென்னை தேவதாசிகளின் சங்கத்தார் அரசுக்கு மனு அனுப்பினார்கள். எங்களை எல்லாம் சேர்த்து விபசாரிகள் என்று சொல்லாதீர்கள், எங்கள் சொத்துரிமையையும் கலையையும் பறிக்காதீர்கள் என்பது அதன் சாரம். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்கள் அந்த எதிர்ப்பில் இருந்தார்கள். பாடம் அவர்களுக்கு ஒரு பெயரும் தரவில்லை.

1980களில் பெண்ணிய ஆய்வு வலுப்பெற்றபோது அளவுகோல் மாறியது. அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரையும், பின்னர் 2012இல் வந்த தவேஷ் சோனேஜியின் நூலும், அந்தப் பெண்கள் எதை இழந்தார்கள் என்று கேட்டன. கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி நம் கருத்தரங்குகளுக்கு வந்து சேர்ந்தபோது அதுவும் முத்திரையாகச் சுருங்கியது. முத்துலட்சுமி இப்போது 'நடுத்தர வர்க்க ஒழுக்கவாதி'. சட்டம் வேண்டும் என்று கேட்ட பெண்களில் அந்தக் குடும்பங்களிலேயே வளர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பது இந்தப் புதிய முத்திரைக்குத் தொந்தரவாக இருக்கிறது. ராமாமிர்தத்தை அது என்ன செய்யும்?

அவர் 1936இல் வெளியிட்ட நாவலின் பெயரையே பாருங்கள்: 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்'. வலை பெண்களுடையது, மதி ஆணுக்குக் கிடைக்கிறது. அந்த வீடுகளுக்குள் வளர்ந்த ஒரு பெண் எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்தப் பெண்களுக்கு இப்படி ஒரு முத்திரை. இதைச் சுட்டிக்காட்டாமல் அவரைக் கொண்டாட முடியாது. அதே சமயம், தாசி என்று தன்னை அழைத்த உலகத்திடம் பேச அவருக்கு அன்று கிடைத்த மொழி அதுதான் என்பதையும் மறைத்துவிட்டு அவரை விமர்சிக்க முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு சொல் நம்மிடம் இல்லை. சொல் இல்லாத இடத்தில் முத்திரை குத்தாமல் இரண்டு பத்தி எழுதுவதே விமர்சனத்தின் வேலை.

புதுமைப் பெண்

2022இல் ராமாமிர்தத்தின் பெயரிலிருந்த திருமண உதவி, உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. அவர் பெயருக்கு இது முதல் முறையாக ஓரளவு பொருந்தும் வேலை. அந்தச் செய்தியைப் படித்த அன்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். மற்ற நான்கு திருமண உதவிகளும் பழைய பெயர்களோடு அப்படியே இருக்கின்றன.

ஆனால் திட்டம் மக்களிடம் போய்ச் சேர்ந்தது 'புதுமைப் பெண்' என்ற பெயரில். பாரதியின் பெயரோடு நாம் சேர்த்தே நினைக்கும் சொல். நிஜமாகவே புதுமையாக வாழ்ந்து காட்டிய ஒரு பெண்ணின் பெயர் ஆணையின் முதல் வரியில் நின்றுவிட, ஓர் ஆண் கவிஞன் கனவு கண்ட பெண் சுவரொட்டிக்கு வந்துவிட்டாள். கல்யாணப் பணம் கொடுத்தபோது மாணவிகள் அவர் பெயரையாவது சொன்னார்கள். படிக்கப் பணம் கொடுக்கும்போது அந்தப் பெயரும் உதடுகளிலிருந்து நழுவுகிறது.

போன ஆண்டு வேறொரு வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். கைகள் குறைவாகவே எழுந்தன. ஆயிரம் ரூபாய் வாங்கும் பெண்கள் அந்த வகுப்பில் பலர் இருந்தார்கள். அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு 1938 நவம்பரில் தொடங்கினேன். மணி அடித்த பிறகும் ஒரு மாணவி எழுந்திருக்கவில்லை. "அவங்க பெரியாருக்குப் பட்டம் குடுத்தாங்க, சரி மிஸ். அவங்களுக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டாள்.

அதற்குப் பதிலாக நான் ஒரு பட்டத்தைத் தேடத் தொடங்கி, பிறகு நிறுத்திக்கொண்டேன். நூலகத்துக்குப் போய் ராமாமிர்தத்தின் நாவலை எடுத்து வரச் சொன்னேன்.